2016க்கு முன் இங்கே இணையம் இல்லையாமே?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை உப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார்கள். சாலையோரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் குவித்த வெள்ளை உப்பு, மழைக்குப் பயந்து அதன்மேல் போர்த்திய கீற்று. பாத்தியில் கால் புதைய நிற்கிறவரின் சட்டைப் பையில் இன்று பிளாஸ்டிக் உறை சுற்றிய ஸ்மார்ட்போன் இருக்கிறது. உப்புக் காற்று போனுக்கு ஆகாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் காட்சியை வைத்துத்தான் அந்தக் கதை சொல்லப்படுகிறது. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது, கிராமத்துக்கு இணையம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் இணையம் என்பது நகரத்தில், ஆங்கிலம் தெரிந்தவர்கள், பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்த்த சமாச்சாரம். மேடைப் பேச்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இது கேள்வி கேட்க முடியாத வரலாறு ஆகிவிட்டது. நோட்பேடில் எச்டிஎம்எல் எழுதி, மோடம் கீச்சிடுவதைக் கேட்டபடி இணையதளம் கட்டிய பழைய தலைமுறை நிரலாளர்கள்கூட இப்போது இதையே சொல்கிறார்கள். "எங்க காலத்துல இதெல்லாம் சிட்டிக்காரங்க விளையாட்டு சார்" என்கிற அடக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடக்கமாகச் சொன்னாலும் தவறு தவறுதானே.

இந்தக் கதையில் உண்மை உண்டு. விலை விழுந்தது உண்மை, கோடிக்கணக்கானவர்கள் புதிதாக உள்ளே வந்தது உண்மை. எண்ணிக்கையைப் பற்றி இங்கே சண்டை இல்லை. சண்டை அந்த "அதற்கு முன்னால்" என்ற சொல்லைப் பற்றியது. அந்தச் சொல்லுக்குள் இந்தக் கடற்கரையின் இருபது ஆண்டு உழைப்பு புதைக்கப்படுகிறது.

மரக்காணத்திலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் நடந்ததிலிருந்தே தொடங்கலாம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு சோதனையை ஆரம்பித்தது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பணம் கொடுத்தது. வி. பாலாஜி முன்னின்று நடத்தினார், சுப்பையா அருணாசலம் ஆலோசகராக இருந்தார். வில்லியனூரில் தலைமை நிலையம். அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு இணைப்பு. ஊருக்குத் தொலைபேசிக் கம்பி வந்தாலும் நம்பும்படி வேலை செய்யாத காலம் அது. அதனால் போலீஸ்காரர்கள் கையில் வைத்திருக்கிற வாக்கி டாக்கி மாதிரியான வானொலிக் கருவியைக் கணினியோடு பிணைத்து, குரலையும் கோப்பையும் அதிலேயே அனுப்பினார்கள். கரண்டு போனால் வேலை நிற்காதபடி கூரைமேல் சூரியத் தகடு. கம்பியும் இல்லை, டவரும் இல்லை, ஆனால் வில்லியனூரில் இணையத்திலிருந்து இறக்கிய தகவல் அன்றைக்கே கீழூருக்குப் போய்விடும்.

கணினியைக் கொண்டுபோய் இறக்குவதற்கு முன் அவர்கள் செய்த வேலைதான் இதில் முக்கியம். ஊருக்குத் தகவல் இப்போது எப்படி வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டார்கள். டீக்கடை, சந்தை, உறவுக்காரர், சுற்றிச் சுற்றி உள்ளூர் வட்டம்தான். அதிலிருந்து ஊருக்கு ஊர் தேவை வேறு என்று தெரிந்தது. நெல் விளையும் ஊருக்கு இடுபொருள் விலை வேண்டும், அரசு உதவித் திட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீராம்பட்டினம் மீனவர் ஊர், அரிக்கமேட்டுக்குப் பக்கம், ஆடித் தேருக்குப் பேர் போனது. அவர்கள் கேட்டது ஒரே விஷயம்: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்?

அந்தப் பதில் அன்று இருந்த இடம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளம். உலகக் கடல்களின் அலை உயரக் கணிப்பை அவர்கள் பொதுவில் வைத்திருந்தார்கள். வில்லியனூரில் அதை இறக்கி, வங்கக் கடலின் இந்த மூலைக்கு உரியதை மட்டும் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் அது வாசிக்கப்பட்டது. வலை பின்னுகிறவர், மீன் விற்கிறவர், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் என எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை, யாரிடமும் கருவி இல்லை. இதை இணையம் என்று சொல்லக் கூடாது என்றால், எதைச் சொல்வது?

அந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பு ஒரு பதில் வைத்திருக்கிறது. "அது ஒலிபெருக்கி சார், இணையம் இல்லை" என்பார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ இந்த இடத்தில் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நல்லவாடு புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவக் கிராமம். அங்கேயும் சுவாமிநாதன் நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுமத்ரா நிலநடுக்கத்தையும் கடல் புகுந்ததையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் அப்போதுதான் கடல் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து, ஒலிபெருக்கியைப் பிடித்து எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். ஏறத்தாழ 3,600 பேர் இருந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின, ஆட்கள் தப்பினார்கள்.

செய்தி வந்தது தொலைபேசியில். பரவியது ஒலிபெருக்கியில். கணினி அந்தப் பத்து நிமிடத்தில் எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் ஒரு ஊரில் ஒரு அறை, அதற்குள் ஒரு மைக், ஆபத்தென்றால் அங்கேதான் ஓட வேண்டும் என்ற பழக்கம், அதில் வரும் சொல்லை நம்பலாம் என்ற அனுபவம், இத்தனையும் அந்தக் கணினியை முன்னிட்டு வந்தவை. தினமும் அலை உயரம் சொன்ன குரல் அன்றைக்கு ஓடச் சொன்னபோது யாரும் "எவனோ புரளி கிளப்புறான்" என்று நினைக்கவில்லை. இன்று ஆளுக்கொரு போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் புயல் செய்தியை எத்தனை பேர் அதே நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கடற்கரையில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த வாதம் மொழி. "அப்போதெல்லாம் தமிழ் ஏது? யூனிகோடு வந்து, போனில் தமிழ் விசைப்பலகை வந்த பிறகுதானே நம்ம ஆள் டைப் பண்ண ஆரம்பிச்சான்?" இதைச் சொல்கிறவர்களில் கணினித் துறைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏற்றப்பட்டது. அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழும் இருந்தது. அதைத் திரையில் வரவழைத்ததில் பெரும்பங்கு சிறுகதை எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்சியாளருமான நா. கோவிந்தசாமியுடையது. இந்தியாவில் மோடம் வாங்க வரிசை நின்ற நேரத்தில் அங்கே தமிழ்ப் பக்கம் திறந்துவிட்டது. 1997 மே மாதம் அவர்தான் முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் கூட்டினார். 1999இல் திடீரென்று இறந்துபோனார். இன்று போனில் தமிழ் தட்டுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் அதிகம்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளை உருவாக்கிவிட்டார். அதிலிருந்து வளர்ந்த முரசு அஞ்சலில்தான் உலகம் முழுக்கச் சிதறிக்கிடந்த தமிழர்கள் ஒருவருக்கொருவர் தமிழில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டார்கள். ஆப்பிள் கருவிகளில் இன்று கண்ணுக்கு உறுத்தாமல் தெரியும் இணைமதி, சங்கம் எழுத்துருக்களும் அவர் கைவண்ணம். போன் வந்ததால் தமிழ் வந்தது என்பதைவிட, தமிழை ஏற்கெனவே இத்தனை ஆண்டு பழக்கி வைத்திருந்ததால் அது போனுக்குள் போக முடிந்தது என்பது சரி.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் இன்னொருவர். மயிலாப்பூரை நினைத்து 'மயிலை' என்று ஓர் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைப்பது. கூலி கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒருவர் அமெரிக்காவில் தட்ட, இன்னொருவர் சிங்கப்பூரில் திருத்த, லோசானில் ஏற்றப்படும். வில்லியனூரில் வானொலிக் கருவி பொருத்தப்பட்டதும் அதே ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் தொல்லை இல்லாமல் இல்லை. தொல்லை மலையளவு இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒரு வார இதழின் தளத்தைப் படிக்க அந்த இதழின் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும், பக்கத்து இதழுக்கு வேறு எழுத்துரு. நிறுவாமல் திறந்தால் திரை முழுக்கப் பிரெஞ்சு எழுத்தும் குறிகளும் கலந்த கோலம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் கொடுத்தது. மடற்குழுவில் வாதாடி வாதாடித் தன்னார்வலர்கள் உண்டாக்கியது டிஸ்கி. 1991லேயே யூனிகோடுக்குள் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, ஆனால் அந்த இடம் போதாது, அமைப்பு சரியில்லை என்ற சண்டை இருபது ஆண்டு ஓடியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010 ஜூனில்தான்.

சண்டைக்குக் காரணம் வீண் பிடிவாதம் இல்லை. 'மரக்காணம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கியில் அது 7 பைட். இன்று எல்லாத் தளங்களும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட். புள்ளியும் காலும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதோடு, ஒவ்வொன்றும் மூன்று பைட் கேட்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். நொடிக்கு ஒரு கிலோபைட் வருவதே பெரிய காரியமாக இருந்த நாளில் இந்தக் கணக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான் செய்யும்.

ஆனாலும் புதுச்சேரிக் கிராமங்களில் அந்தத் தொல்லையோடுதான் வேலை நடந்தது. ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ் தட்டப் பழகி, உள்ளூர்த் தகவல்களைத் தமிழில் தொகுத்தார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்று ஓர் இதழே அங்கிருந்து வந்தது. தட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கணினியை அதற்கு முன் தொட்டுப் பார்க்காதவர்கள்.

"பட்டிக்காட்டுப் பெண்களுக்குக் கணினி எங்கே புரியும், அவர்களுக்குத் தொடுதிரைதான் சரி" என்ற மூன்றாம் வாதத்துக்கு இதுவே பதில், நீட்டத் தேவையில்லை. எம்பலத்தை மட்டும் சொல்லிவிடலாம். அங்கே மையத்துக்கு ஊர் ஒதுக்கிய இடம் நூற்றாண்டு பழமையான கோயிலின் ஒரு பக்கம். கோயில் வாசல் வழியாகத் தாழ்த்தப்பட்டவர்களோ மாதவிலக்கில் இருக்கும் பெண்களோ போக முடியாது. அதே கட்டடத்தின் இன்னொரு கதவு வழியாகக் கணினி அறைக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம். எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நிறுவனம் போட்ட நிபந்தனை, ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் வந்து அந்த இரண்டு கதவுகளைப் பற்றித்தான் எழுதிப் போனார். நம் பத்திரிகைகள் அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் எம்பலம் எங்கே இருக்கிறது என்று தேடின என்றால் அது மிகையாக இருக்கலாம், ரொம்ப மிகை இல்லை.

கட்சி மாறிய நிரலாளர்களிடம் இருக்கும் பலமான ஆயுதம் வேகம். "ஒலிபெருக்கியும் வானொலியும் அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது. இன்று போனில் அதெல்லாம் அடக்கம். அலை உயரமும் வரும், வீடியோவும் வரும்." அடக்கமா என்று பார்க்கலாம்.

1995இல் இந்தியாவில் கிடைத்த இணைப்பின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். இந்தக் கட்டுரையை வெறும் எழுத்தாக ஏற்றினால் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். அந்தப் பழைய மோடத்திலும் ஒன்றரை நிமிடத்தில் முழுக்க வந்துவிடும். இன்று ஒரு சராசரி இணையப் பக்கத்தின் எடை இரண்டு மெகாபைட்டுக்கு மேல். 1993இல் உலகமே பைத்தியமாக விளையாடிய டூம் விளையாட்டின் நிறுவல் கோப்பும் ஏறக்குறைய இந்த அளவுதான் என்று 2016லேயே ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பக்கத்தை 9.6 மோடத்தில் இறக்கினால் அரைமணி நேரம் ஆகும். படிக்க இருப்பது நாலு பத்தி, மற்றதெல்லாம் விளம்பரமும், வாசகரைப் பின்தொடரும் நிரலும், தானாக ஓடும் வீடியோவும். இதைக் கட்டியவர்கள் வேறு யாருமில்லை, ஒரு காலத்தில் ஒவ்வொரு கிலோபைட்டையும் எண்ணிப் பார்த்துப் படத்தைச் சுருக்கிய அதே தலைமுறை நிரலாளர்கள்தான். சாலை அகலமானதும் எல்லோரும் லாரி வாங்கிவிட்டார்கள்.

வெயில் அடிக்கும் நாளில், டவர் நிமிர்ந்து நிற்கும் நாளில் இதெல்லாம் பொருட்டில்லை. பொருட்டாகிற நாள் எது என்று மரக்காணத்துக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது கடலூர்க் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புதுச்சேரிக்குச் சற்று வடக்கே, அதாவது மரக்காணத்தை ஒட்டி, கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது செண்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. புயலில் முதலில் கரண்டு போகும். பிறகு டவரின் பேட்டரி தீரும். அதன்பின் போன் ஒரு டார்ச் விளக்கு, அதுவும் சார்ஜ் இருக்கும் வரை. நாலு ஜியும் ஐந்து ஜியும் அன்றைக்கு ஒன்றுதான். கூரையில் சூரியத் தகடு, மேஜையில் வானொலிக் கருவி, கம்பத்தில் ஒலிபெருக்கி என்று 1998இல் வைத்த ஏற்பாடு இந்தக் கடற்கரையின் சுபாவத்தை அறிந்து செய்தது. அதை வேறு வழியில்லாத ஏற்பாடு என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

உப்பளத்துக்கு வேண்டிய தகவலும் பெரிய எடை கொண்டதில்லை. உப்புநீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, உவர்ப்பின் டிகிரி ஏறி, கடைசிப் பாத்தியில் பூக்க நாட்கணக்காகும். திரண்ட உப்பை வாருவதற்குள் ஒரு கோடை மழை அடித்தால் அத்தனையும் கரைந்து மறுபடி தண்ணீர். ஆக, அளத்துக்காரருக்குத் தெரிய வேண்டியது இரண்டு வரி: நாளை மழை உண்டா, மூட்டை என்ன விலை. குறுஞ்செய்தி ஒன்றுக்குள் இரண்டும் அடங்கும். வானிலையைக் காட்டுகிறேன் என்று ஒரு செயலி சுற்றும் மேகப் படமும் சூதாட்ட விளம்பரமும் சேர்த்து இறக்கினால் அந்த இரண்டு வரி அதற்குள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. வெயிலில் உப்பின் வெள்ளைக்கு நடுவே நின்றுகொண்டு திரையை நிழல் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

இதுவரை சொன்னதற்கு எதிராகச் சொல்லக்கூடிய, மழுப்ப முடியாத ஒன்று இருக்கிறது. "அந்த மையங்கள் எல்லாம் இப்போது எங்கே?"

நியாயமான கேள்வி. வில்லியனூர் சோதனைக்கு 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது, பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஆனால் ஊர்களின் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவிலிருந்து வெகுதூரம் போகவில்லை. 2004இல் 'ஒவ்வொரு ஊரும் அறிவு மையம்' என்று நாடு தழுவிய இயக்கம் அறிவித்தார்கள், 2007க்குள் முடிக்க வேண்டும் என்று குறி வைத்தார்கள். முடியவில்லை. மதுரை மாவட்டம் மேலூரில் 2001இல் தொடங்கிய இன்னொரு முயற்சியும் உண்டு. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாக் கருவியை வைத்து ஊர் ஊராக இணையக் கடை திறந்தார்கள். கடைக்காரர் வெப்கேமராவில் கண்ணைப் படம் பிடித்து அனுப்ப, அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர் மதுரையிலிருந்து பார்த்துச் சொன்னார். கேட்க எவ்வளவு அருமையாக இருக்கிறது! ஆனால் சில ஆண்டுகளில் அந்தக் கடைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் ஏன் மூடினார்கள் என்று ஆராய்ந்து எழுதினார்கள். கருவி பழுதானால் சரிசெய்ய ஆளில்லை, கடைக்காரருக்குத் தொடர்ந்து ஆதரவு இல்லை, வருமானம் கட்டுப்படியாகவில்லை.

இதை மறைக்க வேண்டியதில்லை. கடை மூடியது உண்மை. ஆனால் மூடிய கடையை வைத்து, கடையே இருந்ததில்லை என்று சாதிப்பது எப்படிச் சரியாகும்? இன்னொன்று, எல்லாமும் மூடிப்போகவில்லை. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் வாரிசு ஒன்று இன்றும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு அதே சுவாமிநாதன் நிறுவனம் குவால்காமோடு சேர்ந்து, ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பே, சாதாரண போனில் ஓடும் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்ற செயலியைச் செய்தது. அலை உயரம், காற்று, மீன் இருக்கக்கூடிய இடம், சந்தை விலை, எல்லாம் உள்ளூர் மொழியில். தகவல் இப்போது அமெரிக்கக் கடற்படையிடமிருந்து வரவில்லை, ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸிடமிருந்து வருகிறது. மலிவு டேட்டா வந்த பிறகு அந்தச் செயலி ஆண்ட்ராய்டு போன்களில் பரவியது. வேர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் 2016 கதை சொல்லாமல் விடுகிறது.

மரக்காணத்துக்கு வலைப்பின்னல் வந்து போவது புதிதும் இல்லை. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை இங்கேதான். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து அதன் ஒரு பகுதியை வெட்டி, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைச் சூட்டினார்கள். ஆந்திரக் கடலோரத்திலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரைக்கும் தோணி ஓடியது. உப்பு, விறகு, நெல் எல்லாம் அதில்தான் போயின. ரயிலும் லாரியும் வந்தன, புயல்கள் மண்ணைத் தள்ளின, கால்வாய் தூர்ந்தது. அதற்காக, சாலை வந்த பிறகுதான் மரக்காணம் உப்பு வெளியூருக்குப் போக ஆரம்பித்தது என்று இங்கே யாராவது சொன்னால் டீக்கடையிலேயே மடக்கிவிடுவார்கள். இணையம் என்று வந்தால் மட்டும் அதே மாதிரிப் பேச்சைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

தலையாட்டுவதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. 2016இல்தான் தொடக்கம் என்றால், கற்றுக்கொள்ள அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஊரிடம் முதலில் கேட்டுவிட்டுக் கருவியை முடிவு செய்தது, ஊர்ப் பொது இடத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது, கரண்டு போகும் என்று எடுத்த எடுப்பிலேயே எண்ணி ஏற்பாடு செய்தது, கடை மூடிப்போனதற்கான காரணம், எதுவும் புதிய திட்டம் போடுகிறவர்களின் மேஜைக்கு வருவதில்லை. கடற்கரைக்கு ஒரு எச்சரிக்கைச் செயலி தேவை என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். முதலீடு தேடி மேடையேறும் இளைஞர்களின் காட்சிப் படத்தில் "இதுவரை யாரும் செய்யாதது" என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், அதாவது அந்தக் காலத்தில் மோடம் பிடித்தவர்கள், தங்கள் காலத்தையே வெறும் வேடிக்கைக் கதையாகச் சுருக்கிச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காலத்து வேலை எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களைப் பிறகு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்தார்கள். விளம்பரம் கிடையாது, பின்தொடரும் நிரல் கிடையாது, தலைப்பும் எழுத்தும் மட்டும்தான். மரக்காணம் அளத்தோரம் சிக்னல் ஒற்றைக் கோடாக மெலிந்து, செய்தித் தளங்களின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில்கூட அந்தப் பக்கங்கள் திறக்கின்றன. மலிவான போனிலும் திறக்கின்றன.